எறும்பு, பூனை, மூலையில் நிற்கும் ஆள்

வலிக்கு மார்ஃபின் எடுப்பவரைப் பார்க்க வரும் டாக்டரோ நர்ஸோ கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும். வலி பத்துக்கு எத்தனை, மோஷன் போச்சா, வாந்தி உண்டா, பகலிலும் தூக்கமாகவே இருக்கிறதா. கண்ணுக்கு வேண்டாதது ஏதாவது தெரிகிறதா என்று கேட்பவர் குறைவு. நோயாளி தானாகச் சொல்லவும் மாட்டார். அபின் வகை வலிமருந்துகளால் வரும் மாயக்காட்சிகள் பற்றி 2016-ல் 'அனஸ்தீஷியா அண்ட் அனல்ஜீசியா' என்ற மருத்துவ இதழில் வந்த தொகுப்புக் கட்டுரை தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறது: புத்தி பிசகியவர் என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயந்து நோயாளிகள் வாயைத் திறப்பதில்லை. இதைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி புற்றுநோயாளிகளையும் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களையும் வைத்து எழுதப்பட்டது என்றும் அந்தக் கட்டுரை சொல்கிறது.

ஆகவே, "நூற்றில் எத்தனை பேருக்கு இப்படி வரும்?" என்று யாராவது கேட்டால் நான் நழுவிவிடுவேன். கேட்கப்படாத கேள்விக்கு வராத பதில்களை எப்படி எண்ணுவது?

*

எங்கள் உறவில் ஒரு பெரியவர். வயிற்றில் புற்றுநோய், நான்கு மணிக்கொரு தடவை மார்ஃபின் மாத்திரை. வலி அடங்கி, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், வாசப்படி தாண்டும்போது மட்டும் காலைத் தூக்கித் தூக்கி வைக்க ஆரம்பித்தார். முட்டிவலி என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"தாத்தா, கீழ எதாச்சும் தெரியுதா?"

"எறும்பும்மா. சாரை சாரையாப் போகுது. மிதிச்சுடக் கூடாதேன்னு."

"நிஜ எறும்பா?"

"அது இல்லைன்னு தெரியுது. ஆனா தெரியுதே!"

இதைவிடச் சரியாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. புத்தி தெளிவாகத்தான் இருந்தது. நாள், கிழமை, பேரன் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னார். நர்ஸம்மா அடுத்துக் கேட்டது எறும்பைப் பற்றி அல்ல. "சாப்பாடு, தண்ணி எவ்வளவு உள்ள போகுது? யூரின் எவ்வளவு போகுது?" ஒரு வாரமாகவே சரியாகச் சாப்பிடவில்லை, தண்ணீரும் குறைவு. ரத்தம் எடுத்துப் பார்த்தால், சிறுநீரகம் மந்தமானதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தது.

*

சிறுநீர் எதற்கு? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

மார்ஃபின் கல்லீரலுக்குப் போனதும் முக்கியமாக இரண்டு பொருள்களாக மாறுகிறது. முழுப்பெயர் வாயில் நுழையாது. டாக்டர்கள் எம்-6-ஜி, எம்-3-ஜி என்பார்கள். முன்னது வலியைக் குறைக்கும், கூடவே தூக்கத்தையும் தரும். பின்னதுதான் அளவில் அதிகம். அது வலியைத் தொடவே தொடாது. நரம்புகளை உசுப்பிவிடும் வேலையை அதன்மேல்தான் சுமத்துகிறார்கள். இரண்டையும் வெளியே தள்ளுவது சிறுநீரகம். வயதானவர், தண்ணீர் குடிக்கவில்லை, வாந்தி, அல்லது கட்டி சிறுநீர்ப் பாதையை அழுத்துகிறது என்றால் வெளியேற்றம் குறையும். மாத்திரை அதே அளவுதான், மாதக்கணக்காக ஒத்துக்கொண்ட அதே மாத்திரைதான், ஆனால் உடம்புக்குள் சரக்கு சேர்ந்துகொண்டே போகும். "டோஸ் கூட்டவே இல்லையே, எப்படித் திடீர்னு?" என்று வீட்டார் கேட்பதற்குப் பதில் இதுதான்.

இப்படிச் சேரும்போது மாயக்காட்சி தனியாக வருவதில்லை. கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும். கையில் பிடித்த தம்ளர் தெறித்து விழும். கனவுகள் பளிச்சென்று, விழித்த பிறகும் ஒட்டிக்கொண்டு வரும். போர்வை பட்டாலே வலிக்கிறது என்பார்கள். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பெரிய பொறி வைத்திருக்கிறது. உடம்பு முழுக்க வலிக்கிறது என்று நோயாளி முனகுகிறார், மார்ஃபின் போதவில்லை என்று டோஸைக் கூட்டுகிறார்கள், கூட்டியதால் எம்-3-ஜி இன்னும் சேர்கிறது, வலியும் துடிப்பும் இன்னும் ஏறுகின்றன, மறுபடி கூட்டுகிறார்கள். மருந்தே வலியைப் பெருக்கும் நிலை ஒன்று உண்டு என்பதை வீட்டாருக்குப் புரியவைப்பது கஷ்டம். சில டாக்டர்களுக்குப் புரியவைப்பதும் கஷ்டம்தான்.

*

கனடாவின் எட்மன்டனில் மருத்துவர் எட்வர்டோ புரூவேராவும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990-களில் இந்தப் பொறியிலிருந்து வெளியே வர வழி சொன்னார்கள். மருந்தை வெட்டென நிறுத்துவது அல்ல. திரவம் ஏற்று, நோயாளியின் நினைவுத் தெளிவை அடிக்கடி சோதித்துப் பார், ஒரு அபின் வகை மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்று. மூன்றும் சேர்ந்து அமலுக்கு வந்த பிறகு அவர்கள் வார்டில் கூச்சலும் பதற்றமுமாகக் குழம்புகிறவர்கள் குறைந்தார்கள் என்று 1995-ல் எழுதினார்கள்.

மருந்தை மாற்றுவது கேட்க விசித்திரம். முள்ளை முள்ளால் எடுப்பது என்று சொல்லிவிடலாம், ஆனால் காரணம் உண்டு. ஃபென்டனில் சிதைந்து உண்டாகும் பொருள் நரம்பை அந்த அளவுக்கு உசுப்புவதில்லை. மெத்தடோன் மலத்தோடும் வெளியேறும், சிறுநீரகத்தை மட்டுமே நம்பியிருக்காது. மாற்றும்போது கணக்குப்படி வரும் அளவைவிடக் குறைத்தே தொடங்குவார்கள். பழைய மருந்துக்கு உடம்பு பழகியிருப்பதைப் போலப் புதியதற்கும் முழுக்கப் பழகியிருக்கும் என்று சொல்ல முடியாதே.

பெரியவருக்கு இவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கவில்லை. ரெண்டு பாட்டில் சலைன் ஏற்றினார்கள், டோஸைக் கொஞ்சம் குறைத்து இடைவெளியைக் கூட்டினார்கள். எறும்பு போய்விட்டது. "எங்க போச்சுன்னு தெரியலை," என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு.

*

அபினும் கனவும் என்றவுடன் படித்தவர்கள் தாமஸ் டி குவின்ஸியைச் சொல்வார்கள். 1821-ல் அவர் எழுதிய அபின் தின்னியின் வாக்குமூலத்தில் முதலைகளும் முடிவில்லாத கட்டடங்களும் கீழ்த்திசைக் கோயில்களும் வருகின்றன. அதை வைத்து மார்ஃபின் நோயாளியின் மாயக்காட்சியைப் புரிந்துகொள்ள முயல்வது வீண் என்பது என் கட்சி. அவர் குடித்தது லாடனம், அதாவது சாராயத்தில் கரைத்த அபின். அளவோ மலைக்கவைப்பது, காலமோ பல வருடம், நடுநடுவே நிறுத்திப் பார்த்த அவதி வேறு. எழுத்தாளரின் கனவு எழுத்தாளருடையதாகத்தான் இருக்கும்.

புற்றுநோய் வார்டில் தெரிகிறவை மிகச் சாதாரணம். எறும்பு, பூச்சி, பூனை, கட்டிலுக்குக் கீழே ஒரு குழந்தை, மூலையில் பேசாமல் நிற்கும் ஒரு ஆள். பெரும்பாலும் கண்ணில் தெரிவது. காதில் கேட்பது அதற்கு அடுத்து. தோலில் ஊர்வது அரிது. அரண்மனை கட்டியவர் யாரையும் நான் கேள்விப்படவில்லை.

*

மார்ஃபினுக்குப் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் மருந்துக்கடைக்காரர் ஃபிரெட்ரிக் செர்ட்யூர்னர். அபினிலிருந்து அதைத் தனியே பிரித்தபோது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. 1804, 1805 வாக்கில். பிறகு தானும் மூன்று இளைஞர்களுமாக அதை விழுங்கிச் சோதித்துப் பார்த்தார். முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று தவணை! நால்வரும் கனவுபோன்ற மயக்கத்தில் விழுந்து, வினிகர் குடித்து வாந்தி எடுத்துத் தப்பினார்கள். 1817-ல் அச்சேறிய கட்டுரையில் இதையும் எழுதிவைத்திருக்கிறார். கிரேக்கக் கனவுத் தேவன் மார்ஃபியஸின் பெயரை வைத்ததில் ஆச்சரியமில்லை. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இந்தச் சோதனைக்கு அனுமதி தராது.

*

எல்லா அபின் வகை மருந்தும் ஒன்றுபோல் மயக்குவதில்லை. நரம்பில் இவை போய் ஒட்டும் பூட்டுகள் பல உண்டு; வலி விஷயத்தில் பேசப்படுபவை மியூ, கப்பா, டெல்டா. மார்ஃபின் முக்கியமாக மியூவைத் திறக்கிறது. அதில் வலி அடங்கும், மூச்சு மந்தமாகும், ஒரு நிம்மதி வரும். கப்பாவைத் திறந்தாலும் வலி அடங்கும், ஆனால் நிம்மதிக்குப் பதில் ஒரு வேண்டாத கலக்கம், சிலருக்குப் பேய்க்காட்சி.

இதை முதலில் தடுக்கி விழுந்து கண்டுபிடித்தது பாஸ்டனில். லூயி லசானாவும் ஹென்றி பீச்சரும் நாலார்ஃபின் என்ற மருந்தைச் சோதித்தார்கள். அது மார்ஃபினுக்கு எதிர்மருந்து. மார்ஃபினோடு கலந்தால் பக்கவிளைவு குறையாதா என்பது ஆசை. பார்த்தால் எதிர்மருந்தே வலியைக் குறைத்தது. 1954-ல் எழுதினார்கள். அடிமையாக்காத வலிமருந்து கிடைத்துவிட்டது என்று உலகம் கூத்தாடியிருக்கும். ஆனால் மருந்து வாங்கியவர்களில் சிலர் மிரண்டுபோனார்கள், இல்லாததைப் பார்த்தார்கள். நாலார்ஃபின் வலிமருந்தாகக் கடைக்கே வரவில்லை.

அந்த ஆசை விடவில்லை. அதே வழியில் தேடி வந்ததுதான் பென்டசோசின். 1967-ல் அமெரிக்காவில் அனுமதி. நம் ஊரில் அதன் விற்பனைப் பெயரான ஃபோர்ட்வின் என்றால் பழைய நர்ஸ்கள் எல்லாருக்கும் தெரியும். ஃபோர்ட்வின்-ஃபெனர்கன் என்று ஜோடியாகவே போடுவார்கள், ஆபரேஷன் வார்டில் அது ஒரே சொல் மாதிரி. அது கப்பாவைத் திறக்கும் மருந்து. மாயக்காட்சி, திசை தெரியாத குழப்பம் இரண்டையும் அதன் மருந்துக் குறிப்பிலேயே அச்சடித்திருக்கிறார்கள். கூடப் போகும் ஃபெனர்கனும் வயதானவர்களைக் குழப்பக்கூடியது. ஆபரேஷன் முடிந்த ராத்திரி "எங்கப்பா என்னென்னமோ பேசுறார்" என்று வராந்தாவில் ஓடியவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஜோடி காரணமாக இருந்திருக்கும்? சீட்டைப் புரட்டிப் பார்த்தவர் யார்? ஏற்கெனவே மார்ஃபின் எடுப்பவருக்கு இதைப் போட்டால் இன்னொரு தொல்லை. மியூ பூட்டில் இது மார்ஃபினைத் தள்ளிவிடும். வலி தணிய வேண்டியவர் மருந்து நின்றுபோன அவதியில் துடிப்பார்.

கப்பாவுக்கு ஒரு தாவரச் சாட்சியும் உண்டு. மெக்சிகோவின் வாஹாக்கா மலைகளில் மசாட்டெக் மக்கள் சடங்குகளில் பயன்படுத்தும் ஒரு சால்வியா இலை. கடுமையான மாயக்காட்சி தருவது. அதிலுள்ள சால்வினோரின்-ஏ, கப்பா பூட்டை மட்டும் தேர்ந்தெடுத்துத் திறக்கிறது என்று 2002-ல் தெரியவந்தது. அபினுக்கும் அந்த இலைக்கும் எந்த உறவும் கிடையாது, வேதியியலிலும் ஒட்டாது.

*

கசகசா. நோயாளி வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: குருமாவில் போடுகிறோமே, அதுவும் அபின் செடிதானே? அதே செடிதான். விதையில் மார்ஃபின் துளித்துளியாக ஒட்டியிருக்கலாம், சிறுநீர்ப் பரிசோதனையைக் கூடக் குழப்பலாம். துபாய் போகிறவர்கள் பெட்டியில் வைத்து மாட்டிக்கொள்வது இதனால்தான். குருமா சாப்பிட்டு எறும்பு தெரியாது. நிம்மதியாகச் சாப்பிடலாம்.

*

இன்னொரு அபின் வகை மருந்தான பெதிடின் பற்றி இரண்டு வரி போதும். பிரசவ வலிக்கும் ஆபரேஷனுக்குப் பிறகும் ஒரு காலத்தில் தாராளமாகப் போட்டது. அதன் கழிவுப்பொருள் நார்பெதிடின் சேர்ந்தால் நடுக்கம், குழப்பம், வலிப்புவரை போகும். வயதானவர்களுக்கு வேண்டாம் என்பதில் இன்று பெரிய விவாதம் இல்லை.

*

ஊரில் திருட்டு நடந்தால் புதிதாகக் குடிவந்தவன்மேல்தான் முதல் சந்தேகம். மார்ஃபினுக்கும் அதே கதி. நோயாளி பிதற்றுகிறார் என்றால் "அந்த மாத்திரைதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்று இருக்கலாம். சிறுநீர் வெளியேறாமல் அடைத்து நிற்கலாம். ஒரு குழாய் போட்டதும் தெளிந்தவர்கள் உண்டு. நாள்கணக்கில் மலச்சிக்கல், சோடியம் குறைவு, எலும்புக்குப் பரவிய புற்றில் கால்சியம் ஏற்றம், மூளைக்குப் பரவிய கட்டி. டெக்ஸாமெதசோன், அமிட்ரிப்டிலின் போன்ற கூட்டாளி மருந்துகள். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததால் குடி நின்றுபோனவர். கண்பார்வை மங்கிய முதியவருக்கு எந்த மருந்தும் இல்லாமலேயே உருவங்கள் தெரியலாம். சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்று அதற்குப் பெயர்.

வலியே குழப்பும் என்பதைத்தான் யாரும் நினைப்பதில்லை. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களை நியூயார்க்கில் ஆர். ஷான் மாரிசனும் மற்றவர்களும் பார்த்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு: ஊசி மார்ஃபின் கணக்கில் நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கும் குறைவாக வலிமருந்து பெற்றவர்களுக்குச் சித்தக்குழப்பம் வரும் வாய்ப்பு, அதைவிட அதிகம் பெற்றவர்களைக் காட்டிலும் ஐந்து மடங்குக்கு மேல். குழப்பத்துக்குப் பயந்து வலிமருந்தைக் குறைத்தால் குழப்பம் அந்தப் பக்கமாக வந்து நிற்கிறது. அதே ஆய்வில் பெதிடின் பெற்றவர்களுக்கும் குழப்பம் அதிகம்.

*

இந்தச் சித்தக்குழப்பம், அதாவது ஜன்னி, வேறு; தெளிவாக இருந்துகொண்டே பார்ப்பது வேறு. ஜன்னியில் இரவு பகல் புரளும், பேச்சு கோர்வை அறும், காலையில் தெளிந்தவர் சாயங்காலம் மகளை அக்கா என்பார். கத்திக் கலாட்டா செய்கிற ஜன்னியை எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள். பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற ஜன்னியும் உண்டு. "இன்னிக்கு அமைதியா இருக்கார்" என்று அதற்கு நல்ல பெயர் வேறு.

*

நம் வீடுகளில் நோயாளி, "அப்பா வந்து வாசல்ல நிக்கிறார்" என்றால் போதும், அப்பா செத்து முப்பது வருஷம் ஆகியிருந்தாலும் பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். கூப்பிட வந்துவிட்டார், நாள் நெருங்கிவிட்டது. சில வீடுகளில் வேப்பிலையும் மந்திரித்த கயிறும் வரும். மருந்தால் வந்த காட்சியா, கடைசிக் காலத்துக் கனவா என்று பிரிக்க வழி இருக்கிறதா?

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் கிறிஸ்டோபர் கெர் என்ற மருத்துவரும் அவர் குழுவும் கடைசிக் காலப் பராமரிப்பு இல்லமான ஹாஸ்பைஸில் இருந்த 59 பேரிடம் நாள்தோறும் இதைக் கேட்டுப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். 88 விழுக்காட்டினர் ஒரு கனவையோ காட்சியையோ சொன்னார்கள். இறந்த உறவினர் வந்தால் ஆறுதல் அதிகம் என்றார்கள். இவர்கள் ஜன்னி கண்டவர்கள் அல்லர். நினைவாக இருந்து, நேற்று பார்த்ததை இன்று கோர்வையாகச் சொன்னவர்கள்.

ஆக, எல்லாக் காட்சிக்கும் மாயக்காட்சியை அடக்கும் மாத்திரையான ஹாலோபெரிடால் கொடுத்து ஓட்டத் தேவையில்லை. வந்தவர் அப்பாவா, கழுத்தை நெரிக்க வருகிறவனா? பார்த்தவருக்கு நிம்மதியா, நடுக்கமா? கை வெட்டி இழுக்கிறதா? இவற்றைக் கேட்ட பிறகுதான் மாத்திரை. எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியை தன் கட்டிலுக்கு வரும் பூனையைப் பற்றி டாக்டரிடம் தானே சொன்னார். டோஸைக் குறைத்துப் பார்ப்போமா என்றதற்கு, "வலி போயிருக்கு. பூனை ஒண்ணும் பண்ணலை, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். டாக்டரும் சரியென்றார். ரத்தப் பரிசோதனை மட்டும் எழுதிக்கொடுத்தார்.

*

இதையெல்லாம் எழுதும்போது ஒரு பயம். இந்தியாவில் மார்ஃபினுக்கு ஏற்கெனவே பட்டப்பெயர்கள் போதும். 1985-ல் போதைமருந்துச் சட்டம் வந்த பிறகு மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு படிப்படியாகச் சரிந்து, 1997-ல் நாடு முழுமைக்கும் 18 கிலோ அளவில் வந்து நின்றது. அபின் விளைகிற நாட்டில்! 1993-ல் கோழிக்கோட்டில் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் போன்றவர்கள் வலிநிவாரண அமைப்பைத் தொடங்கி, மாத்திரையை வீடுவரை கொண்டுபோய்க் காட்டினார்கள். சட்டம் திருந்த 2014 ஆயிற்று. இன்றும் ஊர்ப்பக்கம் மார்ஃபின் எழுதத் தயங்குகிற டாக்டர்கள் உண்டு. "பைத்தியம் பிடிக்குமாமே" என்ற இன்னொரு காரணத்தை நான் அவர்கள் கையில் கொடுக்க விரும்பவில்லை. தவிர்க்கக் கூடிய, கண்டுபிடித்தால் சரிசெய்யக் கூடிய பக்கவிளைவு இது. வலிக்கு அந்தச் சலுகை கிடையாது.

*

ஃபென்டனில் பட்டை. தோலில் ஒட்டினால் மூன்று நாள் வேலை செய்யும். அதன்மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது; காய்ச்சல் அடித்தாலும் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். காட்சி தெரிகிறது என்று பட்டையைப் பிய்த்துப் போட்டவுடன் சரியாகாது. தோலுக்கடியில் தங்கிய மருந்து இன்னும் ஒரு நாள்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். அதுவரை பக்கத்தில் ஆள் வேண்டும்.

*

டிரமடால் லேசான மருந்து என்று பெயர் வாங்கிவிட்டது. முதுகுவலி, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் எழுதுகிறார்கள். 2018-ல் அதையும் போதைமருந்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அபின் வேலை பாதி; மீதிப் பாதி செரட்டோனினையும் நார்அட்ரினலினையும் நரம்பில் தேக்குவது. மனச்சோர்வுக்கான மாத்திரையோடு சேர்ந்தால் செரட்டோனின் எல்லை மீறி நடுக்கம், வியர்வை, குழப்பம் வரலாம். டிரமடால் எடுத்த முதியவர்களுக்குக் காதில் பாட்டுக் கேட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. சட்டென்று நிறுத்தினாலும் சிலருக்கு மாயக்காட்சியும் பீதியும் வருகின்றன. மற்ற அபின் மருந்துகளை நிறுத்தும்போது வழக்கமாக வருவது மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, உடம்புவலி. இது அந்த வகையில் சேராது.

*

டாக்டருக்குப் போன் செய்யும் முன் வீட்டார் குறித்துவைக்கலாம்: என்ன தெரிந்தது, எத்தனை மணிக்கு, கடைசி மாத்திரை எப்போது, பயந்தாரா, சிறுநீர் எவ்வளவு, கை கால் இழுத்ததா, இந்த வாரம் புதிதாகச் சேர்ந்த மருந்து எது.

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது இருமல் சிரப்பை விட்டுவிடுவார்கள். பல சிரப்புகளில் இருப்பது டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன். அதன் கண்ணாடிப் பிம்பமான லெவோமெதார்ஃபன் அசல் அபின் வகை வலிமருந்து, கட்டுப்பாட்டில் இருப்பது. வலது பக்கத்துப் பிம்பமான டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் வலியை அப்படிக் குறைக்காது, இருமலை மட்டும் அடக்கும். ஆனால் அளவு மீறினால் மயக்கமருந்தான கெட்டமைனைப் போல மூளையின் என்எம்டிஏ பூட்டை அடைத்து மாயக்காட்சி காட்டும். டிரமடாலோடு சேர்ந்தால் செரட்டோனின் தொல்லை வேறு. மெடிக்கலில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கி, ராத்திரி இருமலுக்கு மூடி மூடியாக ஊற்றிக் கொடுத்திருப்பார்கள். பாட்டில் ஜன்னலோரம் நிற்கும். மருந்துப் பையில் தேடினால் கிடைக்காது.